நார்லண்ட் மாளிகையும் செட்டிநாட்டு வீடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் சனிக்கிழமைதோறும் நடக்கும் எங்கள் தமிழ் வகுப்பில், பெரியவர்களுக்கான பிரிவினர் ஒரு பருவம் முழுவதும் ஜேன் ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நாவலையும், அதிலிருந்து பிறந்த இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு பேசினோம். ஒன்று, நாவலின் காலத்திலேயே நடக்கும்படி ஆங் லீ இயக்கி 1995இல் வந்த ஆங்கிலப் படம். மற்றொன்று, கதையைத் தற்காலத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்து ராஜீவ் மேனன் இயக்கி 2000இல் வந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்'. வகுப்பில் எழுந்த கேள்விகளும், வர இயலாதவர்கள் பிறகு கேட்டு அனுப்பியவையும் இங்கே உள்ளன. முடிவுகளை மறைக்காமல் பேசியிருப்பதால், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

நாவலைப் படிக்காமல் இரண்டு படங்களையும் ஒப்பிட முடியுமா?

முடியும், ஆனால் கதையின் எலும்புக்கூடு தெரிந்திருக்க வேண்டும். 1811இல் வெளிவந்த முதல் பதிப்பில் ஆசிரியரின் பெயர் இல்லை, 'ஒரு பெண்மணி எழுதியது' என்று மட்டுமே இருந்தது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் நார்லண்ட் என்னும் மாளிகையில் வாழ்ந்த ஒரு தாயும் மூன்று பெண்களும், குடும்பத் தலைவர் இறந்ததும், அவருடைய முதல் மனைவியின் மகனிடம் வீட்டை விட்டுவிட்டு, டெவன்ஷயரில் ஒரு சிறு வீட்டுக்குக் குடிபெயர்கிறார்கள். மூத்தவள் எலினார் எதையும் உள்ளே வைத்துக்கொண்டு நிதானமாக நடப்பவள்; இளையவள் மரியான் எதையும் மறைக்கத் தெரியாதவள். எலினார் விரும்பும் எட்வர்ட் ஏற்கெனவே வேறொருத்திக்கு வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்டவன். மரியான் விரும்பும் வில்லபி, பணக்காரப் பெண்ணைத் தேடிப் போய்விடுகிறான். மரியானை முதலிலிருந்தே நேசித்துவரும் கர்னல் பிராண்டன், அவளைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வயதானவர்.

தமிழில் எலினார் சௌம்யாவாகவும் (தபு), மரியான் மீனாட்சியாகவும் (ஐஸ்வர்யா ராய்), எட்வர்ட் திரைப்பட இயக்குநராகத் துடிக்கும் மனோகராகவும் (அஜித்), வில்லபி நிதி நிறுவனம் நடத்தும் ஸ்ரீகாந்தாகவும் (அப்பாஸ்), கர்னல் பிராண்டன் மேஜர் பாலாவாகவும் (மம்மூட்டி) மாறியிருக்கிறார்கள். மூன்றாவது பெண்ணான கடைசித் தங்கை (நாவலில் மார்கரெட்) இரண்டு படங்களிலும் உண்டு.

எதை முதலில் பார்க்க வேண்டும்?

தமிழ்ப் படத்தை. ஆங்கிலப் படத்தை முதலில் பார்த்தவர்கள் தமிழ்ப் படம் ஓடும்போது 'இவர்தான் அவர்' என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அது மற்றவர்களுக்குப் பெரிய தொந்தரவு. ஆங்கிலப் படம் 136 நிமிடம். தமிழ்ப் படம் அதைவிடச் சற்று நீளம். 2023இல் நாங்கள் பார்த்தபோது லோட் ஷெடிங் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டியிருந்தது. அப்படியும் மீனாட்சி மழையில் நடந்துகொண்டிருந்த இடத்தில் மின்சாரம் போயிற்று, மீதிப் படம் அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிப்போயிற்று.

பழைய காலத்திலேயே நடக்கும் படம்தானே நாவலுக்கு அதிக உண்மையாக இருக்கும்?

உடையும் வண்டியும் மெழுகுவர்த்தியும் பழையவை என்பதால் நமக்கு அப்படித் தோன்றுகிறது. கதை எங்கே தொடங்குகிறது என்பதைக் கவனித்தால் இந்த எண்ணம் தடுமாறும்.

ஆங்கிலப் படத்தில் சாகக் கிடக்கும் தந்தை மகனை அழைத்து, வீடு சட்டப்படி உனக்கே வருகிறது, தங்கைகளைப் பார்த்துக்கொள் என்கிறார். அடுத்துச் சிறுமி மார்கரெட்டிடம் எலினார், வீடு அப்பாவிடமிருந்து மகனுக்குத்தான் போகும், மகளுக்குப் போகாது, அதுதான் சட்டம் என்று விளக்குகிறாள். பார்ப்பவர்களுக்கு உடனே புரிகிறது. கோபமும் சட்டத்தின் மீது போய்விடுகிறது. ஆனால் நாவலில் அப்படி இல்லை. அங்கே வீட்டின் சொந்தக்காரர் தந்தையின் பெரியப்பா முறையிலான ஒரு கிழவர். அந்த முதியவரைப் பத்தாண்டுக் காலம் அருகிலிருந்து கவனித்துக்கொண்டவர்கள் இந்தக் குடும்பத்தார். அவரோ, எப்போதாவது விருந்துக்கு வந்துபோன, முதல் மனைவியின் மகனுக்குப் பிறந்த, இரண்டு மூன்று வயதுப் பேரக்குழந்தையின் மழலையிலும் அடத்திலும் கூச்சலிலும் மயங்கி, சொத்து முழுவதும் அந்தக் குழந்தையின் கிளைக்கே போய்ச் சேரும்படி உயிலை எழுதிவைத்துவிட்டு, மூன்று பெண்களுக்கும் ஆளுக்கு 1,000 பவுண்டு மட்டும் விட்டுச் செல்கிறார். அந்த வீட்டைப் பறித்தது சட்டமன்று, ஒரு முதியவரின் மனப்போக்கு. ஆஸ்டினின் கூர்மையே அதில்தான் இருக்கிறது.

இப்போது தமிழ்ப் படத்தைப் பாருங்கள். செட்டிநாட்டு வீட்டில் தாத்தா படுத்த படுக்கையாக இருந்து, ஏதோ சொல்ல முயன்று, சொல்ல முடியாமலே இறந்துபோகிறார். பிறகு பெட்டியை உடைத்துப் பார்த்தால், மகள் ஒருத்தி தம்மைக் கேட்காமல் திருமணம் செய்துகொண்ட கோபத்தில் எப்போதோ எழுதிய உயில் கிடைக்கிறது, எல்லாம் மகனுக்கு. கூடவே இருந்து பார்த்துக்கொண்ட பெண்ணுக்கும் பேத்திகளுக்கும் ஒன்றுமில்லை. கோபம் ஆறிப் பல காலம் ஆகியிருக்கலாம், ஆனால் தாள் ஆறவில்லை. இந்த இடத்தில் தமிழ்ப் படமே நாவலுக்கு நெருக்கமானது என்பது என் உறுதியான கருத்து. எம்மா தாம்சன் எழுதிய ஆங்கிலத் திரைக்கதை ஆஸ்கர் பெற்றது, அதன் பெரும்பகுதி அந்தப் பரிசுக்குத் தகுதியானதுதான். இருந்தாலும் இந்த ஒரு சுருக்கத்தை நான் குறையாகவே எண்ணுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. நாவலில் எலினாருக்கு வயது 19. படத்தில் அந்த வேடத்தை ஏற்ற தாம்சன் முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தார். 'இனி இவளுக்குத் திருமணம் ஆகுமா' என்ற கவலை இக்காலத்துப் பார்வையாளருக்கு உறைக்க வேண்டுமானால் வயது கூட வேண்டியிருக்கிறது. பழைய உடை உடுத்திய படமும் இந்தக் காலத்துக்காக மாற்றி எழுதப்பட்டதுதான்.

ஆங்கிலப் படத்தில் எப்போதும் பணத்தைப் பற்றியே பேசுகிறார்களே, ஏன்?

நாவல் அப்படி எழுதப்பட்டிருப்பதால். அதன் இரண்டாம் அத்தியாயத்தைத் தனியாகவாவது படித்துப் பாருங்கள். தங்கைகளுக்கு 3,000 பவுண்டு கொடுப்பதாக மனத்துக்குள் தீர்மானித்திருக்கும் அண்ணனை, அவன் மனைவி ஃபேனி பேசிப் பேசியே கரைக்கிறாள். 3,000 பாதியாகிறது. பாதி, அம்மாவுக்கு ஆண்டுக்கு 100 பவுண்டு என்றாகிறது. ஆண்டுத் தொகை கொடுத்தால் அந்த அம்மாள் சாகவே மாட்டாள் என்ற பயம் வந்ததும், எப்போதாவது 50 பவுண்டு என்றாகிறது. கடைசியில், பருவத்துக்குப் பருவம் மீனும் வேட்டைக் கறியும் அனுப்பினால் போதும் என்று முடிகிறது. கணவன் ஒவ்வொரு படியிலும் மனைவி சொல்வதே சரி என்று ஒப்புக்கொள்வதுதான் இதில் உள்ள நகை. ஆங்கிலப் படம் இந்த உரையாடலைத் துண்டு துண்டாக வெட்டி, இருவரும் நார்லண்டை நோக்கிப் பயணம் செய்யும் வழியெங்கும் தூவியிருக்கிறது; வண்டி வீட்டை நெருங்க நெருங்கத் தொகை குறைகிறது. நாவலில் இல்லாத இந்த ஏற்பாடு நாவலைவிடவும் நன்றாக அமைந்திருக்கிறது என்று சொல்லத் தயங்கமாட்டேன்.

தமிழ்ப் படத்தில் இதற்கு இணையான கணக்குக் காட்சி இல்லை. மாமன் குடும்பம் வந்து இறங்கியதும் தாயும் மகள்களும் பேச்சில்லாமல் உரிமையை விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். சுஜாதாவைப் போன்ற ஒருவர் வசனம் எழுதிய படத்தில் அப்படி ஒரு காட்சி எழுதப்படாமல் போனதே என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

இரண்டு படங்களுக்கும் இடையிலுள்ள மிகப் பெரிய வேறுபாடு எது?

வேலை.

நாவலின் பெண்களுக்கு மொத்தமாகக் கையில் இருப்பது 10,000 பவுண்டு; அதன் வட்டியாக ஆண்டுக்கு 500 பவுண்டு வரும். அதைக் கூட்ட அவர்களால் ஒரு சுண்டுவிரலையும் அசைக்க முடியாது. அவர்களுடைய குலத்தில் பிறந்த பெண் சம்பாதிக்கக் கூடாது. எட்வர்டும் சும்மா இருக்கிறான், ஆனால் அவனுக்குச் சொத்து வரும். எங்களால் சம்பாதிக்கவும் முடியாது என்று ஆங்கிலப் படத்தின் எலினார் அவனிடம் சொல்கிறாள். கதையின் பூட்டு இதுதான். திருமணத்தைத் தவிர வேறு சாவி இல்லாததால்தான் ஒவ்வொரு ஆண்மகனின் வருகையும் அவன் புறப்பட்டுப் போவதும் அந்த வீட்டில் உயிர்ப் பிரச்சினையாகின்றன.

சென்னைக்கு வந்த சௌம்யாவோ பல நேர்காணல்களுக்குப் பிறகு ஒரு மென்பொருள் நிறுவனத்தில் தொலைபேசி ஆபரேட்டராகச் சேர்ந்து, பிறகு புரோகிராமர் ஆகிறாள். மீனாட்சி பின்னணிப் பாடகியாகிறாள். குடும்பம் சொந்தமாக அடுக்குமாடி வீடு வாங்குகிறது. பூட்டு திறந்துவிட்டது. அந்தக் கணத்திலிருந்து படம் ஆஸ்டினின் கதையாக இருப்பதை நிறுத்திக்கொண்டு, 1990களின் சென்னைக் கதையாகிவிடுகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சொத்து போன பெண்கள் படிப்பையும் குரலையும் வைத்து எழுந்து நிற்பதைப் பார்த்து எங்கள் வகுப்பில் கைதட்டியவர்கள் பலர். ஆனால் 'இந்த மாப்பிள்ளை போனால் என்ன ஆகும்' என்ற அடிவயிற்றுப் பயம் இரண்டாம் பாதியில் இல்லாமல் போவதால், காதலை இழுத்துப் பிடிக்க வேறு தடைகளைத் தேட வேண்டியிருக்கிறது: ஒரு நடிகையைப் பற்றிய வதந்தி, கலிஃபோர்னியாவுக்குப் போகும் வேலை, இப்படி. அவை முதல் பாதியின் உயிலைப் போல் கனமானவை அல்ல.

லூசி ஸ்டீல் எங்கே போனாள்?

தமிழில் அவள் இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்டவர் நாவலைப் படித்தவராகத்தான் இருக்க வேண்டும்.

லூசிதான் எட்வர்டுடன் நான்கு ஆண்டுகளாக ரகசியமாக நிச்சயம் செய்துகொண்டவள். அந்த ரகசியத்தை அவள் வேறு யாரிடமும் சொல்லாமல் எலினாரிடம் சொல்லி, வெளியே விடாதே என்று வாக்கும் வாங்கிக்கொள்கிறாள். எலினார் நான்கு மாதம் அதைத் தனியாகச் சுமக்கிறாள். பக்கத்தில் தங்கை தன் துயரத்துக்காக வீடு அதிர அழுதுகொண்டிருக்க, இவள் ஒருமுறையும் வாய் திறப்பதில்லை. நிதானம் என்பது உணர்ச்சி இல்லாமை அன்று என்பதை நாவல் இந்த ஒரு முடிச்சின் வழியாகவே காட்டுகிறது. அதனால்தான் கடைசியில் எட்வர்ட் விடுபட்டவன் என்று தெரிந்ததும் எலினார் அறையைவிட்டு ஏறக்குறைய ஓடிப்போய், கதவு சாத்தியதும், நிற்கவே நிற்காதோ என்னும்படி அழுகிறாள். ஆங்கிலப் படத்தில் அவள் ஓடுவதில்லை; எட்வர்டின் முன்னாலேயே, நாற்காலியில் இருந்தபடியே, மூச்சு இரைக்க அந்த அழுகை வெடிக்கிறது. தாயும் தங்கைகளும் மெல்ல எழுந்து வெளியே போகிறார்கள். கதவுக்குப் பின்னால் நடந்ததைக் கதவுக்கு முன்னால் கொண்டுவந்த துணிச்சல் அது.

சௌம்யாவுக்கு இப்படி ஒரு ரகசியம் கிடையாது. அவளுக்குப் படம் தரும் சுமை வேறு: நிச்சயிக்கப்பட்ட மாப்பிள்ளை அமெரிக்காவில் தற்கொலை செய்துகொண்டதால் 'ராசி இல்லாதவள்' என்ற பெயர். இது மிக நல்ல தமிழ்ப்படுத்தல். ரகசியம் என்றால் சொல்லாமல் சுமக்கலாம். ஊரே சொல்லும் சொல்லை எங்கே கொண்டுபோய் வைப்பது? எங்கள் வகுப்பில் ஆங்கில சப்டைட்டிலை நம்பிப் படம் பார்த்த இளையவர்களுக்கு அந்தச் சொல்லின் முழுக் கசப்பும் போய்ச் சேரவில்லை. 'அதிர்ஷ்டம் இல்லாதவள்' என்றால் பாவம் என்று தோன்றும். 'ராசி இல்லாதவள்' என்றால் அவள் மற்றவர்களுக்குக் கேடு என்று பொருள். பின் வரிசையில் இருந்த வயதான ஆயா ஒருவர் இதைத் தம் சித்தியின் கதையோடு சேர்த்து விளக்கியபோதுதான் அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

மீனாட்சிக்குப் பாரதி மேல் அவ்வளவு பைத்தியம் எதற்கு?

மரியானுக்கு ஆங்கிலக் கவிஞர்கள் மேல் இருந்த பைத்தியத்துக்கு ஈடாக. நாவலில் கூப்பரின் கவிதையை எட்வர்ட் உயிரில்லாமல் வாசித்தான் என்பதே அவனைப் பற்றி மரியானின் பெரிய புகார். ஆங்கிலப் படத்தில் ஷேக்ஸ்பியரின் ஒரு சானெட்டை (பதினான்கு வரிக் கவிதையை) அவளும் வில்லபியும் மாறி மாறிச் சொல்லிக்கொள்கிறார்கள். காதல் மாறாது என்று சொல்லும் கவிதையைச் சொல்பவனே பிறகு மாறிப்போகிறான். தமிழில் அந்த வேலையைப் பாரதியின் 'சுட்டும் விழிச்சுடர்' செய்கிறது. ஹரிஹரனின் குரலில் ஸ்ரீகாந்த் பாடும்போது, பாடுபவன் வேறு, பாட்டின் சத்தியம் வேறு என்பது மீனாட்சிக்குத் தெரியவில்லை.

நடாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழிவந்த நமக்குப் பாரதி என்றால் முதலில் நினைவுக்கு வருவது கண்ணம்மா அல்ல. பிஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்களை எண்ணி அவர் அழுத பாடல்தான். காதலின் பாரதியை இந்தப் படத்தின் வழியாகவே அறிந்துகொண்டவர்கள் எங்கள் வகுப்பில் மூன்று பேராவது உண்டு.

வில்லபி, ஸ்ரீகாந்த் இருவரில் யார் மோசமானவர்?

வில்லபிதான். அவன் ஏற்கெனவே ஒரு சிறு பெண்ணைக் கெடுத்துக் கைவிட்டவன். பிறகு 50,000 பவுண்டு உடைய பெண்ணை மணக்கிறான். ஸ்ரீகாந்தின் நிதி நிறுவனம் மூழ்குகிறது. பணம் போட்டவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அமைச்சர் ஒருவர் தம் மகளைக் காட்டிக் கைகொடுக்கிறார். 1990களின் பிற்பகுதியில் தமிழ்நாட்டில் அப்படிப் பல நிதி நிறுவனங்கள் கவிழ்ந்தன, ஆகையால் அது அந்நாளைய பார்வையாளருக்குச் செய்தித்தாள் போலத் தெரிந்திருக்கும். நாவலில், மரியான் நோயில் கிடக்கும் இரவில் வில்லபி வந்து எலினாரிடம் மனம் திறக்கும் நீண்ட அத்தியாயம் ஒன்று உண்டு. ஆங்கிலப் படம் அதை முழுவதும் நீக்கிவிட்டு, மரியானின் திருமணத்தைத் தொலைவில் குதிரைமேல் இருந்து பார்க்கும்படி அவனை நிறுத்திவிடுகிறது. எனக்கு அந்த அத்தியாயம் வேண்டியிருந்தது.

கர்னல் பிராண்டனையும் மேஜர் பாலாவையும் எப்படி ஒப்பிடுவது?

ஃபிளானல் உள்சட்டை அணிபவர், மூட்டுவலிக்காரர் என்று நாவலின் மரியான் கேலி செய்யும் பிராண்டனுக்கு வயது 35. அவர் தம் படைப்பிரிவோடு கிழக்கிந்தியாவில் இருந்து திரும்பியவர். அவருடைய அனுபவம் நவாபுகளையும் தங்க மோகரா நாணயங்களையும் பல்லக்குகளையும் தாண்டாது என்று வில்லபி இளக்காரமாகச் சொல்கிறான். ஆங்கிலப் படத்தில் சிறுமி மார்கரெட் அந்த நாடு எப்படி இருக்கும் என்று கேட்க, காற்றில் வாசனைத் திரவியங்கள் மணக்கும் என்று ஆலன் ரிக்மன் தாழ்ந்த குரலில் சொல்வார். முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிய 'ட்ரூரோ' கப்பல் மதராஸிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அந்தக் கப்பலின் காற்றில் என்ன மணந்திருக்கும் என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். சிரித்தோம், ஆனால் கேள்வி நியாயமானது.

பாலாவுக்கு வாசனைகள் இல்லை. இலங்கைக்குப் போன இந்திய அமைதிப் படையில் இருந்து ஒரு காலை இழந்தவர், குடிப்பவர், பூ வளர்ப்பவர். தொலைதூரக் காலனியில் கிடைத்த மர்மத்துக்குப் பதிலாக, அண்டை நாட்டில் பட்ட காயத்தை வைத்ததில் ராஜீவ் மேனனின் துணிவு தெரிகிறது. பிராண்டனின் சோகம் பழைய காதலிலிருந்து வருவது, அதை ஒரு கதையாகச் சொல்லிவிடலாம். பாலாவின் சோகத்தை நடக்கும்போதெல்லாம் பார்க்கிறோம். ஆங்கிலப் படத்தில் மழையில் மயங்கிக் கிடக்கும் மரியானை பிராண்டன் தூக்கி வருகிறார். தமிழில் மழைநாளில் திறந்து கிடந்த சாக்கடைக் குழியில் விழுந்த மீனாட்சியை பாலா காப்பாற்றுகிறார். குன்றுக்குப் பதில் குழி என்பது சென்னைக்கு மிகப் பொருத்தம்.

பாட்டுகள் கதையைக் கெடுக்கின்றனவா?

ஸ்காட்லாந்துக் கோட்டையில் எடுத்த தலைப்புப் பாடல் மட்டும் கதைக்கு வெளியே நிற்கிறது. மற்றவற்றில் எனக்குக் குறை இல்லை. 'என்ன சொல்லப் போகிறாய்' பாடலுக்காகச் சங்கர் மகாதேவன் தேசிய விருது பெற்றார். வாய் திறக்காத சௌம்யாவிடம் பதில் கேட்கும் பாடல் அது. நாவலில் எலினாரிடம் யாரும் இப்படி இறங்கி வந்து கேட்டதில்லை.

நம் ஊரில் வைத்து இந்தக் கதையை எடுத்தால் எப்படி இருக்கும்?

பருவத்தின் கடைசி வகுப்பை இதற்கே ஒதுக்கினோம். உயில் எழுதும் கிழவர் தேவையில்லை என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். மக்களை இனவாரியாகப் பிரித்துக் குடியிருக்கவைத்த, 1950இல் வந்த குழுப் பகுதிச் சட்டத்தின் பேரில் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் நம்மவர்கள் பெயர்க்கப்பட்டு, 1960களில் சாட்ஸ்வொர்த்தில் குடியமர்த்தப்பட்டார்கள். ஆங்கிலப் படம் சொன்ன அந்தப் பொய்ச் சுருக்கம், 'அதுதான் சட்டம்' என்ற வாக்கியம், இங்கே வந்தால் மெய்யாகிவிடும்.

அப்படியானால் வீட்டைப் பிடுங்கும் அண்ணன் யார் என்று ஒருவர் கேட்டார். பின் வரிசை ஆயா, திட்டுவதற்கு ஓர் அண்ணன் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், எங்களுக்கு வந்தது ஒரு கடிதம்தான் என்றார். அவருடைய அப்பா அதை மூன்று முறை படித்துவிட்டு, மரமும் தகரமுமாக இருந்த வீட்டின் முன்கதவை மட்டும் கழற்றி லாரியில் ஏற்றினாராம். சாட்ஸ்வொர்த்தில் கொடுத்த வீட்டின் நிலைக்கு அந்தக் கதவு அரை அடி அகலம் கூடுதலாக இருந்ததால் மாட்ட முடியவில்லை. பின்புறத்தில் கோழிக்கூண்டுக்கு மேல் கூரையாகப் போட்டார்கள். கோழிகள் போய் எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன. கதவு இன்னும் அங்கேதான் கிடக்கிறது, தாழ்ப்பாளோடு.